உடையும் உரிமையும்

மாந்தர் அணியும் ஆடைகளை இரு கூறாகப் பகுத்தல் கூடும். உடலின் அளவுக்கேற்ப வெட்டித் தைத்து மாட்டிக்கொள்வன ஒரு கூறு. தறியினின்று இறக்கியவாறே அரையிலும் தோளிலும் சுற்றிக்கொள்வன மற்றொரு கூறு. இவ்வேறுபாட்டை நம் பேச்சுவழக்கே காத்து நிற்கிறது. சட்டையைப் 'போட்டுக்கொண்டான்' என்கிறோம். வேட்டியைக் 'கட்டிக்கொண்டான்' என்கிறோம். ஒன்றன் வினையை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்வாரை யாம் கேட்டதில்லை.

தமிழில் ஆடைக்கு வழங்கும் பெயர்களுட் பல, தறியிலிருந்து அறுத்தெடுக்கும் செயலாற் பிறந்தவை. அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, துண்டிக்கப்படுவது துண்டு. அவ்வாறே வெட்டப்படுவது வேட்டி ஆயிற்று என்பர். சுற்றுதல் என்னும் பொருளுடைய வடசொல்லினின்று 'வேஷ்டி' வந்தது என்பாரும் உளர். அறுவை, துணி, துண்டு ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு முன்னைய விளக்கமே பொருத்தமாகத் தோன்றும். சங்கப் புலவருள் ஒருவர் பெயர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். துணி விற்றவரும் பாட்டு இயற்றினார் என்பது அக்காலத்தின் சிறப்பு.

அறுவை என்னும் இச்சொல் நம் பக்கத்து நூல் ஒன்றிலேயே இடம் பெற்றிருக்கிறது. புதுச்சேரிக்கு அணித்தாயுள்ள எம் ஊராகிய இடையஞ்சாவடியிலிருந்து வடகிழக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று தோன்றும். இப்பகுதி முற்காலத்தில் ஓய்மானாடு எனப் பெயர் பெற்றிருந்தது. இதனை ஆண்ட நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையிற் பாடினார். அந்நூல் கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. உப்பு வண்டிகளோடு ஊர்தோறும் செல்லும் உமணரும் அந்நூலில் வருகின்றனர். வறுமையோடு வந்த பாணனை வரவேற்கும் மன்னன், உணவு படைப்பதற்கு முன்னரே மெல்லிய அறுவையை உடுக்கச் செய்கிறான். அதன் மென்மைக்கு மூங்கிலின் உட்புறத்து நுண்தோலை உவமை கூறுகிறார் புலவர். வந்தவனை முதலில் உடுப்பித்து, பின்னரே உண்பித்தான் என்பதைக் கருத்தில் இருத்துக. ஒருவனுக்கு உடை அளித்தல் அவனைத் தனக்கு நிகராக மதித்தல் ஆகும்.

இனி, அவ்வறுவையின் வழித்தோன்றலாகிய வேட்டியை உப்பளத்தில் வைத்துக் காண்போம். உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றச் செய்து, படியும் உப்பைப் பலகையால் வாரிக் கரையில் அம்பாரமாகக் குவிப்பது அங்கே நடக்கும் தொழில். கணுக்கால் அளவு உவர்நீரில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவனுக்கு நீண்ட காற்சட்டை பகையாகும். உவர்நீரில் நனைந்த துணி காய்ந்தவுடன் அட்டைபோல் விறைத்துத் தோலை அறுக்கும். வேட்டியோ, வேண்டும்போது முழந்தாளுக்கு மேல் மடித்துக் கட்டப்படும். குனிந்து வாரும்போது கால்களுக்கிடையே வாங்கித் தாறு பாய்ச்சிக் கட்டப்படும். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது கணுக்கால் வரை இறக்கி விடப்படும். நான்கு முழமாயின் ஒற்றையாகவும், எட்டு முழமாயின் இரட்டையாக மடித்தும் உடுப்பர். இரவிற் படுக்கும்போது அதுவே போர்வையும் ஆகும். பொத்தானும் இல்லை, தையலும் இல்லை, இளைத்தவனுக்கும் பருத்தவனுக்கும் ஒரே துணி பொருந்தும். தந்தையின் வேட்டியை மகன் உடுத்தலாம். தந்தையின் காற்சட்டையை மகன் அணிய முயன்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய உடை நமக்கு மட்டுமே உரியதென்று கருதற்க. வெயிலும் உவரும் மிக்க இக்கரையில் வேட்டி வளர்ந்தது போன்று, மழையும் பனியும் மிக்க ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் அரையிற் சுற்றும் உடை ஒன்று வளர்ந்தது. அதற்குக் கில்ட்டு என்று பெயர். இக்காலப் படங்களில் நாம் காண்பது, முழந்தாள் வரை தொங்கும், பின்புறம் கொசுவம் வைத்துத் தைத்த சிற்றுடையே. பழைய கில்ட்டு வேறு. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அதனைப் பற்றிய செய்திகள் கிடைக்கின்றன. அது தைக்கப்படாத பெரிய கம்பளித் துணி. நான்கு முதல் ஆறு கெஜம் வரை நீளமுடையது. இரண்டு அகலங்களை ஒன்றாக இணைத்தது. பல நிறக் கட்டங்கள் நெய்யப்பெற்றது. அதனை உடுக்கும் முறை நமக்கு வியப்பளிக்கும். முதலில் இடைவாரைத் தரையில் நீட்டி வைப்பர். அதன்மேல் துணியை விரித்து, நடுப்பகுதியைக் கொசுவமாக மடிப்பர். பின்னர் அதன்மேல் மல்லாந்து படுத்து, இரு பக்கத்து முனைகளையும் முன்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து, வாரை இறுக்கிக்கொண்டு எழுவர். வாருக்குக் கீழ் உள்ளது பாவாடைபோல் தொங்கும். மேல் உள்ளது தோளைச் சுற்றி ஊசியாற் பிணிக்கப்படும். மழை வந்தால் மேற்பகுதி தலைக்கு முக்காடு. இரவு மலைச்சரிவில் தங்க நேர்ந்தால் முழுத்துணியும் போர்வை. ஆடு மாடுகளோடு அலையும் மலைவாணருக்கு இதனினும் ஏற்ற உடை வேறில்லை. சேற்றிலும் ஓடையிலும் நடக்கையில் நனைந்த காற்சட்டை காலைப் பற்றி இழுக்கும், கில்ட்டு இழுக்காது. நம் உப்பளத்தான் கண்ட உண்மையையே அவர்களும் கண்டனர்.

இப்பெரிய துணி இரண்டாகக் குறைந்து சிறிய கில்ட்டு ஆனதும் தொழிலின் பொருட்டே என்று ஒரு செய்தி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேயர் மலைநாட்டில் இரும்பு உருக்கும் ஆலை நடத்தினார். உலைக்களத்தில் வேலை செய்வோருக்குத் தோளிற் புரளும் மேற்பகுதி இடையூறாக இருந்தமையால், அவர் அதனை நீக்கி, கீழ்ப்பகுதியை மட்டும் கொசுவம் தைத்து உடுக்கச் செய்தார் என்பர். ஓர் ஆங்கிலேயர் தம் நாட்டு உடையை அமைத்தார் என்பதை ஸ்காட்லாந்தார் சிலர் ஒப்புவதில்லை. சிற்றுடை அதற்கு முன்பே இருந்தது என்று வாதிடுவர். எவ்வாறாயினும், உழைப்பவனின் கையும் காலும் தடையின்றி இயங்கும் வண்ணம் அவ்வுடை உருவாயிற்று என்பதில் ஐயமில்லை.

அவ்வுடைக்கு ஒரு பேரிடர் வந்தது. இங்கிலாந்தின் அரியணையை மீட்க எண்ணிய சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட்டு என்னும் இளவரசரின் பக்கம் மலைநாட்டார் பலர் நின்று போரிட்டனர். 1746-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் குல்லோடன் என்னும் வெளியில் அவர்கள் முற்றிலும் தோற்றனர். வென்ற அரசு வாளையும் துப்பாக்கியையும் பறித்ததோடு அமையவில்லை. அதே ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி உடையையும் பறித்தது. ஸ்காட்லாந்தில் ஆடவரும் சிறுவரும் மலைநாட்டு உடை அணிதல் குற்றமாயிற்று. முதன்முறை அகப்பட்டவனுக்கு ஆறு திங்கள் சிறை. மறுமுறை அகப்பட்டவனுக்கு ஏழாண்டு நாடு கடத்தல். இடையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டமைக்கு ஏழாண்டு! ஆயினும் அச்சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. அரசனின் படையிற் சேர்ந்தவர் அவ்வுடையை அணியலாம். அரசனுக்காக உயிர்விடச் சித்தமானவன் உடுக்கலாம். தன் ஆட்டை மேய்ப்பவன் உடுக்கலாகாது. சட்டத்தின் உள்நோக்கம் இவ்விலக்கினால் வெளிப்பட்டுவிடுகிறது.

அவ்விலக்கைப் பெற்ற படை ஒன்று நம் கடற்கரைக்கே வந்தது. மெக்லியோடு பிரபு திரட்டிய 73-ஆம் மலைநாட்டுப் படை 1780-இல் சென்னையில் வந்திறங்கியது. மறு ஆண்டு சூலை முதல் நாள், இன்றைய கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில், ஐதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் நடந்த பெரும்போரில் அப்படை முன்னணியில் நின்றது. குண்டுமழைக்கு நடுவே தம் நாட்டுத் துருத்திக் குழலை இடையறாது ஊதிய படைஞர்களின் துணிவைக் கண்டு, அதுவரை அக்குழலை ஏளனம் செய்த கூட்டு, வெள்ளிக்குழல் வாங்க ஐம்பது பவுன் வழங்கினார் என்று அப்படையின் வரலாறு கூறும். இங்கே வெள்ளாற்றங்கரையில் அவர்கள் அரசனுக்காகக் குருதி சிந்திய அந்நாளில், அவர்தம் உடன்பிறந்தார் தம் சொந்த ஊரில் முன்னோர் உடையை உடுத்தால் சிறைப்படுவர் என்னும் நிலை நீங்கவில்லை.

அப்போர் நடந்து சரியாக ஓராண்டு கழிந்து, 1782-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், அத்தடைச் சட்டம் நீக்கப்பட்டது. இனி மலைநாட்டார் அனைவரும் மகிழ்ந்து கில்ட்டை உடுத்திருப்பர் என்று நீங்கள் எண்ணலாம். அவ்வாறு நிகழவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு தலைமுறை மறைந்து மற்றொரு தலைமுறை தோன்றிவிட்டது. தந்தை உடுத்ததைக் கண்டறியாத மகனுக்குக் கொசுவம் மடிக்கும் கை எங்ஙனம் வரும்? உழவரும் மேய்ப்பரும் காற்சட்டைக்குப் பழகிவிட்டனர். கில்ட்டோ படைவீரர் சீருடையாகவும், செல்வர் விழாக்கோலமாகவும் மீண்டது. 1822-இல் நான்காம் சார்சு மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட்டு வரவேற்பை முன்னின்று நடத்தினார். பெருமக்கள் எல்லாரும் கட்டம் போட்ட கம்பளி அணிந்து திரண்டனர். மன்னரும் கில்ட்டு அணிந்தார். தொடை தெரியாதிருக்க உடல் நிறத்துக் காலுறையும் உடன் அணிந்தார்! எந்த அரசமரபு அவ்வுடையைத் தடுத்ததோ, அதே மரபின் அரசர் அதனை அணிந்து உலா வந்தார். இன்ன குடிக்கு இன்ன கட்டம் என்று வகுத்துரைக்கும் வழக்கமும் பெரும்பாலும் அப்பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியதே. இன்று ஸ்காட்லாந்தார் திருமணத்துக்கும் விழாவுக்கும் கில்ட்டைப் பெருமையோடு அணிகின்றனர். நாள்தோறும் அதனை உடுத்து வேலைக்குச் செல்வோர் மிகச் சிலரே.

பிறர் நாட்டுக் கொடுமையைப் பேசிய நாவால் நம் நாட்டுக் கொடுமையையும் பேசுதல் வேண்டும். கடல் கடந்து வந்த அரசு நம் வேட்டியைச் சட்டத்தால் தடுக்கவில்லை. நம்முள் ஒரு சாரார் மற்றொரு சாராரின் வேட்டியைத் தடுத்தனர். 1930-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கம் மிக்க சாதியார், ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் உடுக்கும் துணி முழந்தாளுக்குக் கீழே இறங்கலாகாது, இடைக்கு மேலே ஏறலாகாது என்பது அவற்றுள் ஒன்று. சட்டையோ பனியனோ அணியலாகாது என்பது மற்றொன்று. மீறினோர் அடியும் இழப்பும் உற்றனர். தென்திருவிதாங்கூரிற் பெண்கள் தோளிற் சீலை அணியும் உரிமைக்காக நெடுங்காலம் போராடி, 1859-இல் அரசாணை பெற்றதையும் நீங்கள் வரலாற்றுப் பாடத்திற் படித்திருப்பீர்கள். மடித்துக் கட்டிய வேட்டியைப் பெரியோர் எதிரில் இறக்கிவிடுதலை நாம் பணிவு என்கிறோம். இறக்கிவிடும் உரிமையே மறுக்கப்பட்டவனுக்கு அச்சொல் என்ன பொருள் தரும்?

உரிமை மறுப்பு எப்போதும் ஒரே திசையில் வருவதில்லை. எம் ஊருக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில், பிரெஞ்சு ஆட்சிக்காலமாகிய 1873-இல், பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றார். இந்தியர் அவ்வாறு வருதல் கூடாது என்று அவர் தடுக்கப்பட்டார். அவர் வாளா இராமல் பாரிசிலுள்ள உயர்ந்த நீதிமன்றம் வரை முறையிட்டு வென்றார். ஓரிடத்தில் அயலார் உடையை அணியாதே என்பது. வேறோரிடத்தில் நம் உடையை அணியாதே என்பது. இரண்டும் 'நீ யார் என்பதை யான் சொல்வேன்' என்னும் ஒரே ஆணவத்தின் இரு முகங்கள்.

அவ்வாணவத்துக்கு இடந்தராது, தம் உடையைத் தாமே தேர்ந்துகொண்டவர் காந்தியடிகள். 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த மனையில், தலைப்பாகையையும் மேலாடையையும் நீத்து, ஏழை உழவனின் அரையாடையைப் பூண்டார். அயல்துணியை எரிக்கச் சொன்னால் கதர் வாங்க வகையற்றவன் என் செய்வான் என்னும் வினா அவரை வருத்திக்கொண்டிருந்தது. அக்டோபர் 31 வரை என்று முதலிற் குறித்தார். பின்னர் வாழ்நாள் முழுதும் அதுவே அவர்தம் உடை ஆயிற்று. 1931-இல் இலண்டன் அரண்மனைக்குச் சென்று மன்னரைக் கண்டபோதும் அவர் அதனை மாற்றவில்லை. விழாவுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று அவர் இரண்டு கோலம் வைத்துக்கொள்ளவில்லை.

விடுதலை பெற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின்னும் வேட்டிக்கு மூடிய கதவுகள் நம் தலைநகரில் இருந்தன. ஆங்கிலேயர் தொடங்கிய மனமகிழ் மன்றங்கள் சில, காற்சட்டையும் காலணியும் இன்றி உள்ளே வரலாகாது என்னும் பழைய விதியைப் போற்றி வந்தன. பிற மன்றங்களும் அவ்விதியையே பின்பற்றின. 2014-ஆம் ஆண்டு சூலை 11-ஆம் நாள், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட்டுச் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி உடுத்திச் சென்றார். அவரை வாயிலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினர். செய்தி நாடெங்கும் பரவிற்று, சட்டமன்றத்திலும் எழுந்தது. அடுத்த மாதமே, பொது இடங்களில் நுழைவதற்கு உடையைக் காட்டித் தடை விதித்தலை நீக்கும் சட்டம் நிறைவேறிற்று. வேட்டியோ வேறு இந்திய மரபுடையோ அணிந்து வருவோரைத் தடுக்கும் மன்றத்தின் உரிமம் நீக்கப்படும். தடுத்தோர்க்கு ஓராண்டு வரை சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. 1746-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இதனையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே உடுத்தவனுக்குத் தண்டனை. இங்கே தடுத்தவனுக்குத் தண்டனை.

இச்சட்டம் மன்றங்களின் கதவைத் திறந்தது, நன்று. ஆயினும் உப்பளத்துக்குக் கதவே இல்லை. யாரும் அங்கே வேட்டியைத் தடுக்கவில்லை. அங்கிருந்துதான் வேட்டி தானே விடைபெற்றுச் செல்கிறது. இன்று மரக்காணத்துப் பாத்திகளில் உப்பு வாரும் இளைஞர் அரைக்காற்சட்டையோ கைலியோ அணிகின்றனர். முதியோர் சிலர் மட்டும் பழுப்பேறிய நான்கு முழத்தைத் தாறு பாய்ச்சிக் கட்டுகின்றனர். இளைஞரைக் குறை கூறல் ஆகாது. அரைக்காற்சட்டை மலிவாகக் கிடைக்கிறது. அதிற் பை இருக்கிறது. கைப்பேசியை வைக்க இடம் வேண்டுமன்றோ?

யான் பள்ளியிற் பணியாற்றிய நாளில் ஒன்று கண்டேன். தமிழாசிரியர் வேட்டி கட்டுவர். கணக்காசிரியரும் அறிவியலாசிரியரும் காற்சட்டை அணிவர். யாரும் விதிக்காத விதி அது. வேட்டி ஒரு மக்களின் உடையாயிருந்த நிலை மாறி, ஒரு பாடத்தின் அடையாளமாகிவிட்டது! அரசு 1983 முதல் பொங்கல் திருநாளை ஒட்டி ஏழை மக்களுக்கு வேட்டியும் சேலையும் விலையின்றி வழங்கி வருகிறது. அதனால் நெசவாளர் பலர் வீட்டில் தறி ஓடுகிறது. அண்மைக்காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் சனவரித் திங்களில் வேட்டி நாள் என்று ஒரு நாளையும் கொண்டாடச் செய்கின்றன. அன்று அலுவலகத்திலும் கல்லூரியிலும் இளைஞர் வெண்மையாக உடுத்துப் படம் எடுத்துக்கொள்வர். மறுநாள் மடித்து வைப்பர். காண இனிதே. ஆனால், காற்சட்டைக்கென்று யாரும் ஒரு நாள் குறிப்பதில்லை.

அவ்விளைஞருள் பலர்க்கு வேட்டி இடையில் நில்லாது நழுவுகிறது. அக்குறையைப் போக்க, கடைக்காரர் இப்போது ஒட்டிக்கொள்ளும் பட்டை தைத்த வேட்டி விற்கின்றனர். அதை இடையில் சுற்றி அழுத்தினால் போதும். உள்ளே கைப்பேசி வைக்கப் பையும் உண்டு. இரும்பாலைக்காரர் பெரிய கம்பளியைக் குறைத்துத் தைத்தது போன்ற செயல்தான் இதுவும். அது உலைக்களத்தில் வேலை செய்வோருக்காகத் தைக்கப்பட்டது. இது திருமண மண்டபத்துக்குச் செல்வோருக்காகத் தைக்கப்படுகிறது. உப்பளத்தில் அதனைக் கட்டிய ஒருவரையும் யான் இதுகாறும் கண்டிலேன்.